இரண்டாம் பதிவு

டொலீடோவில் எரிவாயு மீட்டர்கள் எல்லாம்
நிலவறையில்தான் இருக்கும்.
அதனால் இந்த ஊரின் அடிவயிற்றை
என்னளவு பார்த்தவன் யாருமில்லை.
டார்ச் அடித்து எண்ணைக் குறிக்கும்போதே
ஒரு கண் மாடிப்படிக்குக் கீழே போய்விடும்:
பெயிண்ட் டப்பா, பனிவாரும் மண்வெட்டி, கால் உடைந்த தொட்டில்,
சில வீடுகளில்
பழுப்பு உறைகளுக்குள் நெட்டுக்குத்தாக நிற்கும் எழுபத்தெட்டுகள்.

வேலை நேரத்தில் கேட்கக் கூடாது. அது கம்பெனி விதி.
சனிக்கிழமை சட்டை மாற்றிக்கொண்டு போவேன். அது என் விதி.

"குப்பைக்குமா அலமாரி, லீலண்ட்?"
மற்ற சேகரிப்பாளர்கள் சிரிப்பார்கள்.
அவர்களுக்கு வேண்டியது
யாரும் வாங்காமல் கடையிலேயே கிடந்த தட்டு,
ஊசி படாமல் மினுங்கும் கறுப்பு.
எனக்கு எல்லோரும் வாங்கியது வேண்டும்.
நாடே ஆடித் தேய்த்தது.
பத்து லட்சம் விற்று,
பாதி போர்க்காலத்தில் அரக்குக்காக உடைபட்டு,
மீதி சாம்பல் பூத்துக் கிடப்பது.
ஹோபர்ட் லாங்க்லி குழுவின் "கடைசிப் படகு போயாச்சு"
என்னிடம் பதினொன்று இருந்தது.

பதினொன்றும் ஒன்றல்ல.
ஒன்றில் டிரம்பெட் எழும் இடம் வெளுத்துப் போயிருக்கும்.
ஒன்று ஜூக்பாக்ஸில் உழன்றது, தொடக்கமே வெறும் இரைச்சல்.
ஒன்றின் லேபிளில் பச்சை மையில்:
ஹேஸலுடையது. கை வைக்காதே.
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் போதும்,
அந்த வீட்டில் எந்த இடத்துக்கு உயிரை விட்டார்கள்
என்று சொல்லிவிடுவேன்.
அப்படித்தான் பீற்றிக்கொண்டிருந்தேன்.

டோர் தெரு. திருமதி ஆர்டெல்லா பிக்கெட்.
பன்னிரண்டாவது தட்டு.
டிரம்பெட் நேற்று அச்சானது போல் இருந்தது.
கிளாரினெட்டும் அப்படியே.
அதற்குப் பிறகு, பியானோ சும்மா தாளம் பிடித்துக்கொண்டு
அடுத்தவன் எழுந்து நிற்கக் காத்திருக்கும் இடத்தில்
நகத்தின் அகலத்துக்கு ஒரு சாம்பல் வளையம்.

அங்கே ஒண்ணுமே இல்லையே, என்றேன்.

"எல்வுட் இருமுறான்."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவளே ஊசியை வைத்தாள்,
தேடவில்லை,
இருட்டில் சொந்த வீட்டு சுவிட்சைத் தொடுவது போல.
பியானோவுக்குப் பின்னால்
அடக்கப் பார்த்துத் தோற்ற
ஒரு சின்ன வறட்டு இருமல்.

வாசிக்கிறவனில்லை எல்வுட். டிரம் தூக்கிப் போனவன்.
நியூயார்க், பிப்ரவரி.
சத்தம் கேட்கும் என்று ஹீட்டரை அணைத்துவிட்டார்களாம்.
"அன்னைக்கு ரெண்டு டாலர் கூலி.
இருமலுக்குன்னு தனியா எதுவும் தரல."
சிரித்தாள். சிரித்து முடித்ததும்
தட்டை உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.
எனக்கு விலை கேட்க நாக்கு எழவில்லை.
எரிவாயு பில் ஏன் ஏறிவிட்டது என்று அவள்தான் கேட்டாள்.
கீழே இறங்கி பைலட் சுடரைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றிரவு பதினொன்றையும் போட்டேன்.
இத்தனை வருடம் அந்த இடத்தில்தான்
காபி ஊற்ற எழுந்து போயிருக்கிறேன்.
ஹேஸலின் தட்டில் இருமினான்.
ஜூக்பாக்ஸ் தட்டில்,
காசு போட்ட ஒவ்வொருவனுக்கும் இருமியிருக்கிறான்.
ஒமாஹாவில், டுலூத்தில், யாரோ ஒருத்தியின் கல்யாணத்தில்,
ஆளுக்கு முப்பத்தைந்து செண்ட் கொடுத்து
பத்து லட்சம் பேர்
எல்வுட்டின் சளியை வீட்டுக்கு வாங்கிப் போயிருக்கிறார்கள்.
கால் மாற்றாமல்
அதற்கும் ஆடியிருக்கிறார்கள்.

போன அக்டோபரில் சிகாகோ சந்தையில் இன்னொன்று கிடைத்தது.
லேபிளுக்குப் பக்கத்தில், அரக்கில் கீறிய எண்ணின் கடைசியில்
இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று.
முதல் பதிவு.
கைதவறி அச்சேறியது, இருப்பதாக ஒருவருக்கும் தெரியாது.
டிரம்பெட் இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது.
நியாயமாகப் பார்த்தால்
இதைத்தான் வெளியிட்டிருக்க வேண்டும்.

பியானோ வந்தது.
பியானோ போனது.
ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தேன்.
மூன்று முறை.

எண்ணூறு டாலருக்கு விற்றுவிட்டேன்.