ஆறாம் எண் மணி

செவ்வாய், இரத்ததானம். புதன், பின்னல் குழு.
சனிக்கிழமை ஸ்விக்கர் வீட்டுக் கல்யாணம்,
முன்பணம் கட்டியாயிற்று.
நோவா ஸ்கோஷியாவின் மூடுபனி
ஜன்னல் வரை வந்து நின்றது.
கப்பல் முதலாளியின் பழைய கூடத்தில்
எண்பது பேருக்கு மேல் கூடாதென்று
தீயணைப்புத் துறையின் தாள்.
நான் எண்ணினேன்:
மணமக்களையும் சேர்த்துத் தொண்ணூற்று மூன்று.
வாயைத் திறக்கவில்லை.

பழுதுபார்த்தவர்கள் எதையும் விடவில்லை.
ஏழு பூச்சுக்கு அடியிலிருந்த பச்சை,
மாடிப்படியின் முனகல்கூடத் திரும்பி வந்தது.
சமையலறைச் சுவரில்
வேலைக்காரிகளைக் கூப்பிடும் ஒன்பது மணிகளுக்கும்
புதுக் கம்பி.
யாருக்கு இது, என்றேன்.
"சரித்திரம்," என்றார் மெர்ல்
ரசீதைப் பார்த்தபடி.

இரவு பத்தே கால். பிடில் உச்சத்தில்.
ஆறாம் எண் அடித்தது:
மாடி, வடக்கு அறை.
தட்டு கழுவும் பையன்கள் சிரித்தார்கள்.
மறுபடி அடித்தது.
கால்கள் எழுந்துவிட்டன,
எரிச்சலோடு நானும் பின்னால் போனேன்.

கோட்டுகள் குவிந்த கட்டிலில்
மணப்பெண், ஒற்றைச் செருப்போடு.
"ஜிப் சிக்கிக்கொண்டது.
யாராவது வருவார்களா என்று
சும்மா இழுத்துப் பார்த்தேன்."

பல்லால் கடித்து இழுத்தேன்.
அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
கீழே
எண்பது பேருக்கான தரை
தொண்ணூற்றிரண்டு பேரோடு
அதிர்ந்துகொண்டிருந்தது.