முப்பது நாள் இலவசம்

தகர டப்பாவில் பட்டாணி உருட்டுகிற மாதிரி
பாடுது உன் ஸ்பீக்கர் என்றாள் மாதி.
ரோஷத்தில் இறக்கினேன் ஒரு மென்பொருளை.

எந்த அரங்கம் வேண்டும் என்று கேட்டது.
தேவாலயமா, விளையாட்டுத் திடலா?
கோத்தகிரியில் பத்துக்கு எட்டு அறை
என்றொரு பட்டன் இல்லை.

பேஸ் கோட்டை மேலே தள்ளினேன்.
டம்ளர்தான் அதிர்ந்தது.
இன்னும் கொஞ்சம்.
வந்தது
அடிவயிற்றில் இறங்கும் ஒரு ம்ம்ம்.

மாதியை அழைக்கப்
பெருமையோடு பாட்டை நிறுத்தினேன்.
அது நிற்கவில்லை.

ஜன்னலைத் திறந்தால்
மேரக்காய்ப் பந்தலைச் சாய்த்துக்கொண்டு
பனிக்குள் மூச்சுவிடுகிறது
காட்டெருமை.

எதிர்முனையில் மாதி.
பேசாமல்
போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.

இப்பத் தேவலை
என்றாள்.