அரை அங்குலம்

பணகுடியில் ஆடி மாசம்
சோப்பு நுரை நிற்காது.
குழாயில் தடவித் திரும்புவதற்குள் காய்ந்துவிடும்.
காற்று எங்கே கசிகிறது என்று
இந்த ஊரில் தேடிப் பாருங்கள், தெரியும்.

பலவேசம் கொண்டுவந்த காண்டெசா
எண்பத்தேழு மாடல். எலி கடித்த ஒயர்.
கண்ணாடியில் யாரோ ஒரு டாக்டரின் பழைய ஸ்டிக்கர்.
"இதப் படுக்க வைக்கணும் அண்ணாச்சி."
"எதுக்கு?"
"சுவிட்ச அமுக்கினா வயிறு தரையில தட்டணும்.
இன்னொருக்க அமுக்கினா எந்திரிக்கணும்."

காத்தாடிக் கம்பெனியில் வேலை அவனுக்கு.
எண்பது மீட்டர் ஏணி.
காலையில் ஏறினால் மத்தியானச் சோறும் மேலேதான்.
"நாள்பூரா உசரத்துல ஆடிக்கிட்டுக் கெடக்கேன்,
எனக்குன்னு ஒண்ணு தரையோட கெடக்கட்டுமே."
அதற்கு மேல் நான் விலை பேசவில்லை.
பேசினேன். முன்பணம் நாற்பதாயிரம்.

கமான் பட்டையைக் கழற்றினோம்.
அடுக்கடுக்காகத் தகடு, தகட்டுக்குத் தகடு துரு.
போல்ட்டை அறுத்த பொறி
மீரானின் கைலியில் நாலு ஓட்டை போட்டது.
முன்னால் சுருளை எடுத்த குழியில்
பை எதிலும் உரசாமல் உட்கார
விரற்கடை விரற்கடையாகத் தேய்த்தேன்.
ரப்பர் முன்கூட்டி எதையும் சொல்லாது,
ஒருநாள் வெடிக்கும்.
டிக்கியில் டேங்க், கம்ப்ரசர்,
எட்டு வால்வு,
நாலு மூலைக்கும் ஓடுகிற கறுப்புக் குழாய்.

முதல் தடவை எழுந்தபோது
மாடு எழுகிற மாதிரி, பின்பக்கம் முதலில்.
மீரான் விசில் அடித்தான்.
மறுநாள் ஷட்டரைத் தூக்கினால்
பஸ்ஸில் தூங்குகிறவன் தோள்போல
இடது பின்பக்கம் சாய்ந்து கிடக்கிறது.

மூன்று ராத்திரி.
தகரம் படபடக்கிற சத்தத்தில் சீறல் கேட்கவில்லை.
எனக்கு வலது காது கிரைண்டரோடு போனது வேறு.
ஞாயிற்றுக்கிழமை, ஞானதிரவியம் அரிசி ஆலை பூட்டியிருக்கும்,
சாவி வாங்கி, வண்டியை உள்ளே தள்ளிக் கதவடைத்தோம்.
தவிட்டு வாசனை. இருட்டு. கூரைக்கு மேலே அதே காற்று.
உதட்டை நனைத்துக்கொண்டு
குழாயோடு முகம் வைத்து ஊர்ந்தேன்.
மூன்றாவது இணைப்பில்
நூல் தடிமனுக்கு ஒரு குளிர்.
டேப் ஒரு சுற்றுக் குறைவு.
மீரானைத் திட்ட வாயெடுத்தேன்.
அந்த இணைப்பு நான் போட்டது.

பலவேசம் வேலை முடித்து நேரே வந்தான்,
இடுப்பில் கொக்கி பெல்ட்டைக் கழற்றாமலே.
உட்கார்ந்தான். அமுக்கினான்.
நீளமாக ஒரு மூச்சு,
வண்டி சிமெண்டில் வந்து அமர்ந்தது.
கதவைத் திறந்து, இருந்த இருப்பிலேயே
கையை நீட்டித் தரையைத் தொட்டான்.
எடுக்கவேயில்லை கொஞ்ச நேரம்.
எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை,
ஸ்பேனர்களை எண்ணினேன்.

"வலது முன்பக்கம் ராத்திரிக்கு அரை அங்குலம் இறங்குது.
காரணம் பிடிபடல.
ரெண்டு நாள் விட்டுட்டுப் போடே."
"இறங்குனா இறங்கட்டும் அண்ணாச்சி."
பாக்கி பன்னிரண்டாயிரத்தைப் பற்றி
இரண்டு பேரும் பேசவில்லை.

நாலுவழிச் சாலைக்கு ஏறும் இடத்தில்
வேகத்தடை முன்னால் நின்றான்.
மூக்கைத் தூக்கினான், தாண்டினான்,
திரும்பவும் நின்று
சாவகாசமாகக் கீழே இறக்கினான்.
பின்னால்
காத்தாடி இறக்கை ஒன்றைச் சுமந்த டிரெய்லர்
ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது.