ஆறாம் கட்டில்

மன்னார்குடியில் பாமணி ஆற்றை ஒட்டி
எங்கள் முதியோர் இல்லம்.
இருபத்திரண்டு கட்டில், ஒரு ஆக்சிஜன் உருளை,
இரவானால் நான் ஒரு நர்ஸ்.

ஆறாம் கட்டில் வைரக்கண்ணுவின்
வலது பெருவிரல் நகம்
ஆட்டுக்கொம்பாய் வளைந்து
பக்கத்து விரலைக் குத்துகிறது என்று
ஆடி மாதம் பதிவேட்டில் எழுதினேன்.

டாக்டர் அப்துல் ரவூபின் பதில்
மருந்துச்சீட்டின் பின்பக்கம் வந்தது:
"மாதம் இருமுறை வந்து பார்க்கத்தான் ஒப்புக்கொண்டேன்.
நகம், காதழுக்கு, எனிமா
உங்கள் அன்றாட வேலை."

செங்கமலவல்லி மேடம்
இல்லத்தின் பெயர் அச்சடித்த தாளில் எழுதினார்:
"சர்க்கரை முன்னூற்றுப் பத்து.
வெட்டுப்பட்டு விரல் போனால்
அவர் மகனுக்கு நீங்களா பதில் சொல்வீர்கள்?
சர்க்கரைக்காரர் கால் டாக்டர் பொறுப்பு."

பால் வாங்கப் போகும் ஆட்டோ ஜோதிராமன்
கடிதம் கொண்டு போவான்,
பாலோடு பதில் கொண்டு வருவான்.

ஆவணியில், யூரின் டியூப் மாற்றுவது யார்.
புரட்டாசியில், தினம் பிரஷர் பார்த்து எழுதினால் போதுமா,
எழுதியதை யார் படிப்பது.
"என் வாசலில் காய்ச்சலோடு நாற்பது பேர் நிற்கிறார்கள்."
நியாயம்தான்.
"வருகிற பணம் அரிசிக்கும் டயாபருக்குமே போதவில்லை."
அதுவும் நியாயம்தான்.
நகத்துக்கு நியாயம் தெரியாது.
அது வளர்ந்தது.

வைரக்கண்ணு பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர்.
நீடாமங்கலம் மூணாறு தலைப்பில்
முப்பத்தோரு வருஷம் ஷட்டர் ஏற்றி இறக்கியவர்.
"கோரையாத்துக்காரன் ஒரு மனு எழுதுவான்,
பாமணிக்காரன் ஒரு மனு எழுதுவான்.
பயிர் கருகிக்கிட்டு நிக்கும் சிஸ்டர்.
ராத்திரி ரெண்டு மணிக்கு
ஒரு நூல் ஏத்தி விட்டுடுவேன்.
நோட்டுல ஏறாது."
சொல்லிவிட்டுக் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.
நாற்றம் வருவது அவருக்கும் தெரிந்திருந்தது.

ஐப்பசி மழையில் பதினான்காம் கட்டில் காலி.
சான்றிதழ் எழுத டாக்டர் வந்தார்.
எழுத உட்கார்ந்ததும் கரண்ட் போனது.
இருட்டில் அவர் இடம் மாற்றி உட்கார்ந்தது
ஆறாம் கட்டிலின் கால்மாட்டில்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம்.
"எத்தனை நாளா இப்படி?"
"ஆடியிலேர்ந்து, சார்."
அவர் என்னைப் பார்க்கவில்லை.
"சுடுதண்ணி கொண்டு வாங்க. கட்டர் இருக்கா?"

மேடம் செல்போன் வெளிச்சம் பிடித்தார்.
யாரும் பேசவில்லை.
முதலில் அந்தக் கொம்பு.
சீழைத் துடைத்து மருந்து வைத்து
அடுத்த விரல், அதற்கடுத்தது.
ஒரு துணுக்கு தெறித்து மேடத்தின் கண்ணாடியில் பட்டது.
கூச்சம் தாங்காமல் வைரக்கண்ணு சிரித்தார்,
ஒரு சாவு விழுந்த வீட்டில்.

எட்டு நகம் முடிந்தபோது கரண்ட் வந்தது.
ஃபேன் சுற்றியது.
முழங்காலில் ஒரு பாதத்தை வைத்திருந்த டாக்டரும்
வெளிச்சத்தில் வெளிச்சம் பிடித்திருந்த மேடமும்
ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"இதை ரிஜிஸ்டர்ல ஏத்த வேண்டாம்."
"நாங்க கேக்கவே இல்லையே, டாக்டர்."
கையைக் கழுவினார், சான்றிதழில் கையெழுத்திட்டார்,
குடை வேண்டாமென்று நனைந்தபடி போனார்.

கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள்
ஜோதிராமன் பாலோடு கொண்டு வந்தான்,
இந்த முறை டைப் அடித்தது:
"எந்தச் சூழலிலும் நகப் பராமரிப்பு
மருத்துவரின் கடமையாகக் கருதப்படலாகாது."
மேடத்தின் பதில் தயாராகிக்கொண்டிருக்கிறது.

இடது காலில் கடைசி இரண்டு விரல் பாக்கி.
மணி இரண்டு.
வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிகிறேன்.
'ஆறாம் கட்டில்: நல்ல தூக்கம்'
என்று முன்பே எழுதி வைத்துவிட்டேன்.

அவர் தூங்கவில்லை.
காலை மட்டும்
போர்வைக்கு வெளியே நீட்டி வைத்திருக்கிறார்.