ஆகஸ்ட் ஏழாம் தேதித் தண்ணீர்

செவ்வாய்தோறும் குந்த் ஆற்றில் இறங்கி
ஒரு சின்னப் புட்டி நிரப்புகிறேன்.
விளிம்புவரை. குமிழி ஒன்றுகூடத் தங்கக் கூடாது.
நீருக்குள்ளேயே மூடியைத் திருகுவேன்;
விரல் மரத்து, யாருடைய விரலோ என்றிருக்கும்.
பிறகு தேதி, நேரம், காற்றின் குளிர்.
சம்பளம் இரண்டு மூட்டை மாவுக்குக் காணும்.
மாஸ்கோப் பணம் வராத மாதங்களில் அது பெரிது.

கோரோகிலிருந்து வரும் நிசோர்மோ சொன்னாள்:
தண்ணீரிலும் கனத்தது உண்டு, லேசானது உண்டு.
நாக்குக்குத் தெரியாது,
கடைத் தராசுக்கும் தெரியாது.
மலையேறும் மேகம்
கனத்ததை முதலில் இறக்கிவிடும்,
மூச்சு வாங்கும் கழுதைக்கு நாம் செய்வதுபோல.
உச்சிப் பனி அதனால் லேசு.
கோடை மழை கனம்.
எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாமாம்,
இது ஜனவரிப் பனியா, கிழட்டுப் பனியாறா,
முந்தாநாள் தூறலா என்று.

எங்கள் ஊற்றும் கீழூர் ஊற்றும் ஒன்றுதான் என்று
இருபது வருடமாக மண்வெட்டிச் சண்டை.
முடிவு வந்தது: ஒன்றல்ல.
அவர்களுடையது
மேற்கே யாரும் ஏறாத பனியாற்றின் உருகல்.
எங்களுடையது போன குளிர்காலத்துப் பனிச்சரிவு.
கீழூர் முராத்ஷோ காகிதத்தை இரண்டு முறை வாசித்தான்.
"அப்படியானால் உங்களுடையதுதான் முதலில் வற்றும்."
சொன்ன பிறகு அவனுக்கே சங்கடம்.
தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

நேற்று நிசோர்மோ போன் செய்தாள்.
கோடை முழுக்கக் கழித்தல் பதினைந்து, பதினாறு.
ஆகஸ்ட் ஏழு மட்டும் கழித்தல் ஒன்பது.
"அன்றைக்கு மழையா?"
இல்லை. துடைத்த தட்டுப்போல வானம்.
"அப்போ மூடி தளர்ந்திருக்கும்.
லேசானது கிளம்பிப் போயிருக்கும்,
கனத்தது தங்கியிருக்கும்.
அந்த வரியை அடித்துவிடட்டுமா?"
அடித்துவிடு என்றேன்.

அன்று ஆற்றில் முழங்கால் அளவு நின்றபோதுதான்
மாஸ்கோவிலிருந்து அழைப்பு.
ஃபர்மோன் எண், ஃபர்மோன் குரல் இல்லை.
சாரத்தில் அவனோடு வேலைபார்த்தவனாம்.
பதினான்காம் மாடி என்றான்.
அதற்குமேல் பாதி ரஷ்யன், பாதி அழுகை.
கேட்டு முடிக்கும்வரை புட்டி கையில் இருந்தது.
மூடியைத் திருகியிருக்கிறேன்.
தேதி எழுதியிருக்கிறேன், என் கையெழுத்துத்தான்.
காற்றின் குளிர்கூடச் சரியாக, பதினொன்று.

இத்தனை வாரம் அலமாரி இருட்டில்
ஒரு மயிரிழை இடைவெளி.

புட்டியில் மிஞ்சியதை என்ன செய்தாள் என்று
நான் கேட்கவில்லை.

நாளை செவ்வாய்.
கம்பளிக் காலுறை இன்னும் காயவில்லை.