சர்வீஸ் எண் 417

ஒற்றை பல்பு எரியும் வீட்டில்
மீட்டர் இப்படியா ஓடும்,
கொக்கி போட்டிருப்பாள், போய்ப் பார் என்றார் ஏ.இ.
கூத்தாநல்லூர், எழுபத்து நாலு, சித்திரை.
கதவைத் திறந்த மைமூன் பீவியின்
விரல் நுனியில் ஈயப் பொட்டு.

எட்டாம் வகுப்பு.
பிறகு தபாலில் ரேடியோ கோர்ஸ்,
அண்ணன் பெயரில்.
உள்ளறையில் பீரோ உயரத்துக்கு
அவரே கட்டிய பெட்டி.
செத்த ரேடியோக்களின் வால்வுகள் பதினெட்டு
ஆரஞ்சாக விழித்திருந்தன.
குமிழைத் திருகினார்.
குழலில்லை, நாயனமில்லை,
எந்த வாயும் ஊதாத ஓர் ஊ
என் முன்பல்லில் வந்து உட்கார்ந்தது.
"பக்கத்து வீட்ல பூனை ஈனுதுன்னு நினைக்கிறாங்க."

ஈப்போவில் கடை வைத்திருக்கும் கணவர்
கடுதாசிக்குப் பதில் பேசி அனுப்ப
ஸ்பூல் டேப் வாங்கித் தந்திருந்தார்.
மாதம் ஒரு நாடா வரும்.
மைமூன் சவரப் பிளேடால்
சௌக்கியத்தை நறுக்குவார்,
பணம் அனுப்பியதை, அங்கே மழை பெய்ததை,
அடுத்த வருஷம் வருவதை.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே
அந்த மனிதர் இழுத்த மூச்சை மட்டும்
ஒட்டி ஒட்டிப்
பதினோரு நிமிஷம்.
கேட்டபோது
எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.
மீட்டரைப் பார்த்தேன்.

வானொலி நிலையத்துக்கு அனுப்பியது
ஒன்பதாம் நாள் திரும்பி வந்ததாம்:
தங்கள் நாடா பழுதடைந்துள்ளது.
அந்தத் தாளைப் பெட்டிமேல் ஒட்டியிருந்தார்.
பாட்டுகளுக்குப் பெயரில்லை,
தேதியும் அன்றைய வோல்ட்டேஜும்தான்.

ராத்திரி மும்முனை வந்து
பம்புசெட்டுகள் இறைக்கத் தொடங்கினால்
சுருதி சரிகிறதே,
ஸ்டெபிலைசர் வையுங்களேன் என்றேன்.
"வைக்கலாம்.
அப்புறம் ஊர் எப்படி வாசிக்கும்?"

ஆடிக் கடைசியில், மேட்டூர் திறந்து பல நாள் கழித்து,
ஃப்யூஸ் போட்டுவிட்டுக் கிளம்பியவன்
வாசலில் நின்றுவிட்டேன்.
குமிழை யாரும் தொடவில்லை.
சுருதி ஏறிற்று.
கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
மைமூன் நாடாவை ஓடவிட்டு
உதட்டில் விரல் வைத்தார்.
மேற்கே எவரோ மோட்டாரை நிறுத்துகிறார்,
இன்னொருவர்,
அதற்குள் இன்னொருவர்.
"நீடாமங்கலம் தாண்டிட்டுது தண்ணி" என்றார்,
ஜன்னலைத் திறக்காமலே.

விடியற்காலை வெண்ணாற்றுப் பாலத்தடியில்
சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு
வந்து சேர்ந்தது.

அந்த மாதக் குறிப்பேட்டில் எழுதினேன்:
417. அறுபத்தெட்டு யூனிட்.
கொக்கி இல்லை.