சுவரில் விட்ட இடம்

வெள்ளிக்கிழமை ஏழாவது பீரியட் என்னுடையது,
அல்போன்ஸ் சார் அல்ஜீப்ராவுக்குக் கடன் கேட்காத
வெள்ளிக்கிழமைகளில் மட்டும்.
எட்டாம் வகுப்பு பி பிரிவு.
நாற்பத்திமூன்று பேர், பத்தொன்பது பென்சில்,
மூன்று ரப்பர். அதில் ஒன்று கடித்தது.

தெற்குக் காற்றடித்தால்
சிப்காட் வாடை ஜன்னல் ஏறி வரும்.
கிழக்கே இருந்தென்றால் துறைமுகத்துக் கருவாடு.
இந்த வாடைகளுக்கு என்ன நிறம் என்று
ஒருமுறை கேட்டேன்.
மஞ்சள் என்றது பாதி வகுப்பு.
மீதிப் பாதிக்குப் பசி.

அன்று வரையக் கொண்டுபோனது
ஒரு பிளாஸ்டிக் குடம்.
கரும்பலகைக்கு மேலே பார்த்தால்
பாடுபட்ட சுரூபத்தைக் காணோம்.
விரலில் வண்ணம் உதிர்கிறதென்று
மஞ்சக்குப்பத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம்,
பூசி வாங்க.
அது இருந்த இடம் மட்டும் இருந்தது:
பதினோரு வருடச் சாக்பீஸ் தூசியும்
ஃபேன் கறுப்பும் படாமல்
சிலுவை அளவுக்கு ஒரு வெள்ளை.
பக்கத்தில் ஒரு பல்லி,
காலி செய்யச் சொல்லப்பட்ட குடித்தனக்காரனாக
முழித்துக்கொண்டு.

குடத்தை மேசைக்கடியில் தள்ளினேன்.
'இதைப் போடுங்க.'
'எதை சார்? அங்க ஒண்ணுமில்லையே.'
'அந்த ஒண்ணுமில்லாததைத்தான்.
வெள்ளையைத் தொடாதீங்க.
சுத்தியிருக்கிற அழுக்கை மட்டும் வரைங்க.
அழுக்கு எங்க நிக்குதோ
அங்க பென்சில் நிக்கணும்.'

முதலில் சிரிப்பு.
பிறகு பென்சில்கள் படுத்து உரசும் சத்தம்,
உப்பனாற்றில் தண்ணீர் வடிந்ததும்
சேற்றுக்குள் கேட்குமே, அந்த மாதிரி.

ரிஃபானா மூன்று ஆணித்துளை போட்டாள்.
சுவரில் ஒன்றுதான்.
மற்ற இரண்டும், நீதிபோதனை வகுப்பில் இருந்தபோது
பக்கத்து அறை மறைக்கல்வியிலிருந்து
அவள் காதில் விழுந்தவை.
மகிழ்வண்ணன் பல்லியைப் பெரிதாகப் போட்டு
சிலுவையை வால்பக்கம் ஒதுக்கினான்.
தனிஸ்லாஸ் ஸ்கேல் கேட்டான். இல்லை என்றேன்.
அவனிடமே இருந்தது.

மணியடிக்கும் முன் சிஸ்டர் எவுப்ரேசியா.
தாள்களைப் புரட்டினார்.
'ஆண்டவர் எங்கே, சார்?'

கடவுள் விஷயத்தில் நான் எச்.பி. பென்சில்.
அழுத்தி எழுதியதில்லை, அழித்ததும் இல்லை.
என்ன சொல்வதென்று வாயெடுப்பதற்குள்
அவர் ஒரு தாளில் நின்றுவிட்டார்.

கடைசி பெஞ்ச், சோனங்குப்பம் வினித் சேவியர்.
அவன் விட்ட வெள்ளை
வலப்பக்கமாக ஒரு விரல்கடை சாய்ந்திருந்தது.

'ஏன்டா கோணலாப் போட்ட?'
'கோணலாத்தான் சிஸ்டர் இருக்கு.'

எல்லோரும் சுவரைப் பார்த்தோம்.
கோணலாகத்தான் இருந்தது.

பதினோரு வருடக் காலைச் செபம்,
முழு ஆண்டுத் தேர்வுக்கு முந்தின நேர்ச்சைகள்,
அண்ணாந்த கண்கள் எத்தனை ஆயிரம்.
நாற்பத்திரண்டு தாளில் சிலுவை நேராக நின்றது,
நான் மாதிரிக்குப் போட்ட தாளிலும்.

சிஸ்டர் ஒன்றும் பேசவில்லை.
வினித்தின் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.
மார்க் போட அது இன்னும்
என் கைக்கு வரவில்லை.

மறு புதன்கிழமை சுரூபம் வந்தது.
விரல் புதிது. ரத்தம் கொஞ்சம் கூடுதல் சிவப்பு.
ஆசாரி ரசமட்டம் பிடித்து
இம்மி பிசகாமல் மாட்டினார்.
வெள்ளையடிக்க இந்த வருடம் நிதி இல்லை.
அதனால் நேரான சிலுவைக்குப் பின்னாலிருந்து
பழைய கோணல் எட்டிப் பார்க்கிறது,
இடக்கோடியில் மேலே ஒரு கீற்று
வலக்கோடியில் கீழே ஒரு கீற்று,
பொருளைவிட வெளிச்சமான நிழல்.
பல்லி திரும்பிவிட்டது.

நேற்றுக் காலைச் செபத்தில்
சிஸ்டரின் தலை வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது.
கழுத்து வலியாகவும் இருக்கலாம்.

வினித் இரண்டு வெள்ளியாக வரவில்லை.
கவலை மீன்பாடு நன்றாக இருக்கிறதாம்,
அப்பாவோடு போகிறானாம்.
கடைசி பெஞ்சில் அவன் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.
அங்கிருந்து எல்லாமே தெரிகிறது,
கரும்பலகையைத் தவிர.

ஏழாவது பீரியடைக் கேட்டார் அல்போன்ஸ் சார்.
கொடுக்கவில்லை.